அப்சர்வர் "அது ஃபவுல் இல்லையே" என்றால்: புது கூடைப்பந்து நடுவருக்குச் சில படிகள்

மேட்ச் முடிந்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. இரவு ஒன்பதரை மணி. விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் பூச்சி பறக்கிறது, சிமெண்ட் தரையில் பகல் சூடு இன்னும் இறங்கவில்லை. நடுவர்களை மதிப்பிட வந்த அப்சர்வர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறார். உங்களைக் கை காட்டிக் கூப்பிடுகிறார். "ஏங்கண்ணு, மூணாவது குவார்ட்டர்ல ஒரு சார்ஜ் ஊதினியே, அது பிளாக் இல்லையா?" சார்ஜ் என்றால் பந்தோடு வருகிறவர் தடுப்பவர் மேல் மோதிய தவறு, பிளாக் என்றால் தடுப்பவர் தவறாக வழி மறித்து மோதியது.

புதிதாக விசில் எடுத்தவர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்கிறார்கள். சிலர் முறைத்துக்கொண்டு "நான் பக்கத்துல இருந்து பாத்தேன் சார்" என்பார்கள். மிச்சப் பேர், அதாவது நம் கொங்குப் பக்கத்தில் பெரும்பாலோர், "சரிங்க சார்" என்பார்கள். சரிங்க, ஆமாங்க, பாத்துக்கறனுங்க. அப்புறம் காந்திபுரத்தில் பஸ் ஏறி, அவிநாசி தாண்டும் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வருவார்கள். நான் நாலு வருஷம் இப்படித்தான் "சரிங்க" போட்டேன். முறைப்பவனாவது தான் பார்த்தது என்ன என்று சொல்கிறான். சரிங்க போடுகிறவன் ஒன்றையும் சொல்வதில்லை, கேட்டுக்கொள்வதும் இல்லை.

அந்த நாற்காலிக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் பாதி வேலை அங்கே போவதற்கு முன்பே இருக்கிறது.

அவர் யார், அவரால் என்ன முடியும்

காகிதத்தில் மதிப்பீட்டாளர் என்று போடுவார்கள், கிரவுண்டில் அப்சர்வர்தான். பெரும்பாலும் நம்மைவிட மூத்த நடுவராகவோ, விசிலை வைத்துவிட்ட பழைய நடுவராகவோ இருப்பார். குறுவட்டப் பள்ளிப் போட்டிகளில் அப்படி ஒருவர் இருப்பது அபூர்வம். அங்கே பி.டி. மாஸ்டர்களே ஊதி, பி.டி. மாஸ்டர்களே சண்டை போட்டு, பி.டி. மாஸ்டர்களே சமாதானம் ஆவார்கள். கோவையின் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, கரூரின் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகளுக்குப் போகும் அளவுக்கு வளர்ந்தால், உங்களை யாரோ ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரால் ஸ்கோரை மாற்ற முடியாது. தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதோடு அந்த ஆட்டத்துக்கும் நடுவர்களுக்கும் உள்ள உறவு முடிந்தது. தோற்ற அணி புகார் கொடுத்தால் அதற்கு வேறு விதி, வேறு வழி. அப்சர்வரின் நோட்டு முடிவு செய்வது உங்களைப் பற்றித்தான்: அடுத்த போட்டிக்குக் கூப்பிடுவார்களா, ஃபைனல் கொடுப்பார்களா, அடுத்த நிலை நடுவர் தேர்வுக்குப் பெயர் போகுமா. அதனால்தான் வாய் தானாக "சரிங்க" என்கிறது.

இன்னொன்று. டேபிள் அருகே உட்கார்ந்திருக்கும் கமிஷனரின் முதல் வேலை டேபிள் அலுவலர்களைக் கவனிப்பதும் நடுவர்களுக்கு உதவுவதும். மதிப்பீடு வேறு வேலை. நம் ஊர்களில் சில சமயம் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பார். எந்தத் தொப்பியோடு பேசுகிறார் என்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

மேட்சுக்கு முன்னால்

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப் புத்தகமும், அதோடு வரும் விளக்கப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள். அட்டையில் இருக்கும் வருஷத்தைப் பாருங்கள், பழைய பதிப்பு பல பேர் போனில் தூங்குகிறது. முழுதும் படிக்க நேரமில்லை என்றால் விதி 33ஐயாவது கரைத்துக் குடித்துவிடுங்கள். உடல் மோதல் பற்றிய அடிப்படை எல்லாம் அதில்தான் இருக்கிறது: சிலிண்டர் (ஆட்டக்காரரைச் சுற்றி அவருக்கே உரிய கற்பனை இடம்), நேர்க்குத்தாக எகிறுவது, சட்டப்படியான தடுப்பு நிலை, ஆகாயத்தில் இருக்கும் ஆட்டக்காரர், ஸ்கிரீன் (தன் அணிக்காரருக்காக எதிராளியை மறித்து நிற்பது), சார்ஜ், பிளாக், கூடைக்குக் கீழே உள்ள அரை வட்டம், கையால் தொடுவது. அப்சர்வரோடு வரும் பத்து வாக்குவாதத்தில் எட்டு இந்த ஒரே விதிக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

படிக்கும்போது சொற்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். "இடிச்சான் சார்" என்பது பார்வையாளர் பேச்சு. "தடுத்தவர் எதிராளியைப் பார்த்து, இரண்டு காலும் தரையில் வைத்து, முதலில் இடத்தைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மோதல்" என்பது நடுவர் பேச்சு. அப்சர்வரிடம் பேச வேண்டியது இந்தப் பேச்சு.

ஆட்டம் தொடங்க 20 நிமிடம் முன்னால் நடுவர்களின் அதிகாரம் தொடங்குகிறது. அதற்கும் முன்பே கூட்டாளியோடு பேசிவிடுங்கள். இன்று எந்த அளவு கை படுவதை விடுவோம், கூடைக்கு அருகே, அதாவது போஸ்ட்டில், தள்ளுமுள்ளு வந்தால் யார் முதலில் எச்சரிப்பது, இந்த மைதானத்தில் அரை வட்டக் கோடு இருக்கிறதா? கடைசிக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. நம் பள்ளி மைதானங்களில் பாதிக்கு மேல் அந்தக் கோடு அழிந்து போயிருக்கும், சிலவற்றில் போட்டதே இருக்காது. கோடு இல்லாத மைதானத்தில் அந்த விதியை எப்படிக் கையாளப் போகிறோம் என்று முன்பே பேசாவிட்டால், மேட்சுக்குப் பிறகு அப்சர்வர் பேசுவார்.

அப்சர்வரைக் கண்டால் ஒளியாதீர்கள். போய் வணக்கம் சொல்லி, "இன்னைக்கு எதைக் குறிப்பா பாக்கறீங்கங்க சார்?" என்று கேளுங்கள். காக்கா பிடிப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அவர் "ஸ்கிரீன் பாருப்பா" என்று சொன்னால், அந்த மேட்சில் நீங்கள் ஸ்கிரீன்களைப் பார்ப்பீர்கள், பிறகு பேசும்போது இருவருக்கும் ஒரே பேச்சுப் பொருள் இருக்கும்.

ஆட்டத்தின் நடுவில்

பதில் சொல்ல முடியாத விசிலை ஊதாதீர்கள். இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கண் பந்தின் மேல் இருக்கக் கூடாது, தடுப்பவர் மேல் இருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று ஊரே பார்க்கிறது. தடுப்பவர் எப்போது, எங்கே கால் வைத்தார் என்று பார்க்க உங்களுக்கு மட்டும்தான் சம்பளம். மோதலுக்கு ஒரு தொடக்கம், நடு, முடிவு உண்டு. முடிவை மட்டும் பார்த்தவர் விழுந்தவருக்கு ஃபவுல் கொடுப்பார்.

1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய முதல் 13 விதிகளிலேயே இது இருந்தது. ஆட்களைக் கவனித்து ஃபவுல் குறிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துத்தான் அவர் எழுதினார்.

ஃபவுலை டேபிளுக்குத் தெரிவிக்க நடக்கும் அந்த நாலைந்து அடியில் மனதுக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளுங்கள்: "தடுத்தவன் பக்கவாட்டுல வந்து இடுப்புல மோதினான்." அவ்வளவுதான். அந்த வாக்கியம் வரவில்லை என்றால் ஊதியதில் ஏதோ கோளாறு. முதல் இரண்டு குவார்ட்டருக்கு நடுவில் 2 நிமிடம், பாதி ஆட்டத்தில் 15 நிமிடம் இடைவேளை இருக்கிறது. அதில் சிக்கலான ஒன்றிரண்டை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளலாம்: குவார்ட்டர், கடிகாரத்தில் இருந்த நேரம், இரண்டு நம்பர். நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் பிளாக் ஊதியதும் அப்சர்வர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். பார்க்காதீர்கள். பார்த்துவிட்டாலும் பார்க்காத மாதிரி இருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வேசகாலப் போட்டியில் எனக்கு இது நடந்தது. தலை ஆடியதைப் பார்த்தேன், வயிற்றில் ஏதோ பிசைந்தது. அடுத்த முறை எதிர்ப்பக்கம் பந்து போனபோது, ஒன்றுமே இல்லாத ஒரு உரசலுக்கு சார்ஜ் ஊதினேன். ஈடு கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மேட்சுக்குப் பிறகு அவர் நோட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. முதலாவது பிளாக் சரியா தவறா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான் என்றார். இரண்டாவதுக்குப் பேச்சே இல்லை என்றார். அவர் தலையை ஆட்டியதும், பின்னால் ஒரு பையன் நாற்காலியை இழுத்ததற்காம்.

முதல் பத்து நிமிடம்

மேட்ச் முடிந்த கையோடு பேசப் போகாதீர்கள். "அஞ்சு நிமிஷம் தண்ணி குடிச்சுட்டு வர்றனுங்க" என்று சொன்னால் எந்த அப்சர்வரும் கோபிக்க மாட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறவரின் குரலில், அவர் நினைக்காத ஒரு சண்டை தானாக ஏறிவிடும்.

எங்கே பேசுகிறோம் என்பதையும் பாருங்கள். ஒரு போட்டியில் என் கூட்டாளியும் அப்சர்வரும் கிரவுண்டுக்கு வெளியே டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கடைசி ஃபவுல் ஃபவுலே இல்லப்பா" என்று அவர் சொன்னதைப் பக்கத்து பெஞ்சில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த தோற்ற அணியின் மேனேஜர் கேட்டுவிட்டார். விடிவதற்குள் அது "அப்சர்வரே ஒத்துக்கிட்டாரு" என்று ஊர் முழுக்கப் பரவி, மறுநாள் அந்த நடுவரை எந்த மேட்சிலும் போட முடியவில்லை. அறை இல்லாவிட்டால் மைதானத்தின் மறு மூலைக்கு நாற்காலியை எடுத்துப் போங்கள்.

அவர் சொல்வது எந்த வகை என்று பிரியுங்கள்

"அது ஃபவுல் இல்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாலு வெவ்வேறு விஷயம் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் பதில் சொன்னால் இருவரும் வேறு வேறு மேட்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்று, நடந்தது என்ன என்பது. கை பட்டதா படவில்லையா, நெஞ்சா தோளா, கால் கோட்டின் மேல் இருந்ததா. இரண்டு, விதி என்ன சொல்கிறது என்பது. மூன்று, அளவு: பட்டது உண்மை, ஆனால் ஊத வேண்டிய அளவுக்கா? நாலாவது, நீங்கள் நின்ற இடம். அனுபவசாலிகள் நாலாவதைத்தான் சொல்ல வருவார்கள், ஆனால் வாயில் வருவது "ஃபவுல் இல்லை" என்பதாக இருக்கும்.

எனவே முதல் பதில் ஒரு கேள்வியாக இருக்கட்டும், ஆனால் வெறுங்கேள்வியாக வேண்டாம். முதலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டு, பிறகு அவர் பார்த்ததைக் கேளுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த சார்ஜையே எடுத்துக்கொள்வோம். (லீடு என்றால் கூடைக்குப் பின்னால் உள்ள கடைக்கோட்டருகே நிற்கும் நடுவரின் இடம்.)

"நான் லீடுல, பேஸ்லைன் பக்கம் நின்னனுங்க. தடுத்த பையன் ரெண்டு காலும் தரையில வெச்சு எதிர்ல வந்துட்டான். அப்பறந்தான் ஏழாம் நம்பர் எகிறினானுங்க. நெஞ்சுல மோதிச்சு. உங்க எடத்துல இருந்து என்ன தெரிஞ்சுதுங்க?"

"நெஞ்சு சரிதாங்கண்ணு. கால் எங்க இருந்துச்சு?"

"..."

"அரை வட்டத்து மேல இருந்துச்சு. நான் சைடுல இருந்து பாத்தேன், குதிகால் கோட்டைத் தொட்டுட்டு இருந்துச்சு."

விஷயம் முடிந்தது. கூடைக்கு நேர் கீழே உள்ள புள்ளியில் இருந்து 1.25 மீட்டர் ஆரத்தில் போட்ட அரை வட்டம் அது. தடுப்பவரின் கால் அதற்குள் இருந்தாலோ, கோட்டைத் தொட்டாலோ, பந்தோடு எகிறி ஷாட்டோ பாஸோ செய்கிற ஆட்டக்காரர் மோதுவதற்கு சார்ஜ் ஊதக் கூடாது, அவர் கை காலையோ உடம்பையோ தவறாகப் பயன்படுத்தியிருந்தால் ஒழிய. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் நெஞ்சைப் பார்த்தீர்கள், அவர் காலைப் பார்த்தார். "பக்கத்துல இருந்து பாத்தேன் சார்" என்று மட்டும் சொல்லியிருந்தால் குதிகால் பேச்சே வந்திருக்காது. அடுத்த மேட்சிலும் நீங்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கிட்டத்தில் இருப்பது நன்றாகப் பார்ப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதைப் புது நடுவர்கள் நம்ப மறுக்கிறார்கள். இரண்டு உடம்புக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி நிற்க வேண்டும். ஒரு முதுகுக்கு நேர் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றால் உங்களுக்குத் தெரிவது பனியன் நம்பர் மட்டும். கையை நேராகத் தூக்கி எகிறும் தடுப்பாளர் விஷயத்தில் இது அடிக்கடி வரும். அவர் தன் சிலிண்டருக்குள் நேர்க்குத்தாக எகிறினாரா, கொஞ்சம் முன்னால் சாய்ந்தாரா என்பது ஒரு பக்கத்தில் இருந்துதான் தெரியும். மறுபக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது நேரே தூக்கிய இரண்டு கை. அப்சர்வர் "சாய்ஞ்சான்" என்றால், நின்ற இடத்தைப் பற்றிப் பேசுங்கள். அன்றைக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

விதியில் அவர் தவறினால்

இதுதான் புதியவர்களுக்கு மிகவும் கூச்சம் தரும் இடம். மூத்தவர், ஊருக்கே தெரிந்தவர், நீங்கள் பள்ளியில் ஆடும்போது அவர்தான் ஊதினார். அவர் பழைய விதியைச் சொல்கிறார். என்ன செய்வது?

நடக்கக்கூடிய ஒரு உதாரணம். நாலாவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடம். எல்லைக்கு வெளியே ஒருவர் பந்தை எறியத் தயாராக நிற்கிறார், பந்து இன்னும் கையில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு தடுப்பாளர் எதிராளியைப் பிடித்து இழுக்கிறார். முன்பெல்லாம் இதற்கு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. 2022 அக்டோபர் 1 முதல் ஃபீபா இதை த்ரோ-இன் ஃபவுல் என்று தனியாகப் பிரித்துவிட்டது: கடுமையான மோதல் இல்லாத பட்சத்தில் ஒரு ஃப்ரீ த்ரோ, அப்புறம் பந்தும் அதே அணிக்கு. நீங்கள் சரியாக ஊதியிருக்கிறீர்கள். அப்சர்வர் "ரெண்டு குடுத்திருக்கணும்" என்கிறார்.

"இல்லீங்க சார், விதி மாறிடுச்சு" என்று நேராகச் சொல்லாதீர்கள். அது உண்மைதான், ஆனாலும் அப்படி வேண்டாம். "எனக்கு ஒரு சந்தேகங்க சார். இது த்ரோ-இன் ஃபவுல்ல வரும்னு நெனச்சு ஒண்ணு குடுத்தனுங்க. போன்ல புத்தகம் இருக்கு, ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்று போனை அவர் கையில் கொடுங்கள். பக்கத்தை நீங்கள் திறக்காதீர்கள், அவர் திறக்கட்டும். அவர் படித்து முடிக்கும் வரை கூட்டாளியோடு வேறு ஏதாவது பேசுங்கள். நல்ல அப்சர்வர் "அட, ஆமாப்பா" என்று சொல்லி நோட்டில் அடித்துவிடுவார். எனக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. ஒரு முறை நானே தவறான பக்கத்தைப் படித்துக்கொண்டு போயிருந்தேன். நல்லவேளை, சந்தேகமாகக் கேட்டதால் தப்பித்தேன்.

இதே ரகத்தில் இன்னொன்று, இது பழைய விதிகூட இல்லை, வெறும் நம்பிக்கை: "தடுத்தவன் நகர்ந்துட்டு இருந்தான், அதனால பிளாக்." கேலரியில் இருந்து கோச்சுகளும் "நகர்ந்தான், நகர்ந்தான்" என்று கத்துவார்கள். சட்டப்படியான நிலையை ஒரு தடவை பிடித்துவிட்டால், அதைக் காப்பாற்றப் பக்கவாட்டிலும் பின்னாலும் நகரலாம் என்று விதியே சொல்கிறது. பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும்போது, அவர் நிற்கவோ திரும்பவோ நேரமும் தூரமும் விட வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. பந்து இல்லாதவரைத் தடுக்கும்போதுதான் அந்தக் கணக்கு. ஆனால் எதிராளி எகிறிய பிறகு அவர் பாதையில் புகுந்தால், நின்றாலும் நகர்ந்தாலும் தடுப்பவர் மேல்தான் தவறு. இந்த நாலு வாக்கியத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அளவு பற்றிய சண்டை

"பட்டது சரி, ஆனா ஊத வேண்டாம்." இதில் சரி தவறு என்று யாரும் கோடு போட முடியாது. நடுவர்கள் முடிவெடுக்கும்போது விதியின் நோக்கத்தையும், அந்த மோதலால் யாருக்காவது சாதகமோ பாதகமோ வந்ததா என்பதையும், ஆட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் ஓடவிடுவதற்கும் நடுவே உள்ள சமநிலையையும் பார்க்க வேண்டும் என்று விதி 47 சொல்கிறது. இதைப் படித்தால் யாருக்கும் எதையும் நியாயப்படுத்தலாம் போல இருக்கும். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை, ஒரே மாதிரி இரு என்பது.

அதனால் அப்சர்வர் "மொதல் குவார்ட்டர்ல இதே கையை ஊதினே, நாலாவதுல விட்டுட்டே" என்றால் வாதாட வேண்டாம். சொல்ல ஒன்றும் இல்லை. மாறாக, "இந்த அளவு எச்சா இருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால், "மேட்ச் முழுக்க அந்த அளவுலயேதாங்க போனோம், ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் ஊதினோம். கொறைக்கணுமுங்களா?" என்று கேட்கலாம். அவர் ஆமாம் என்றால் அடுத்த மேட்சில் குறையுங்கள். தொடரை நடத்துகிறவர்கள் ஒரு அளவைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்சர்வரின் அறிக்கையில் நாலு வகைக் குறி இருக்கலாம்: சரியாக ஊதியது, தவறாக ஊதியது, சரியாக ஊதாமல் விட்டது, தவறாக ஊதாமல் விட்டது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தை இதே நாலு வகையில் பிரித்து மறுநாள் ஊரறிய வெளியிடுகிறது. உலகத்தின் சிறந்த நடுவர்களின் தவறு நாளிதழுக்குப் போகிறது. உங்கள் தவறு ஒரு நோட்டில் இருக்கிறது. கொஞ்சம் ஆறுதல்தான்.

நாலாவது வகையைப் பற்றி ஒன்று: ஊதாமல் விட்டதைக் கேட்டால், "பாத்தேன், விட்டுட்டேன்" என்பதும் "பாக்கவே இல்லீங்க" என்பதும் வேறு வேறு பதில். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

நம் பக்கத்தில் இன்னும் நிறைய மேட்ச் இரண்டு நடுவரோடுதான் நடக்கிறது. "அது என் ஏரியா இல்லீங்க, அவருதான் ஊதினாரு" என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். கூட்டாளி அங்கேயே நிற்கிறார், பதில் அவருடையது. நீங்கள் வேறு கோணத்தில் ஏதாவது பார்த்திருந்தால், கேட்டால் சொல்லுங்கள்.

வீடியோ

கேலரியில் யாராவது ஒரு அப்பா போனில் முழு மேட்சையும் எடுத்திருப்பார். கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் அதை அப்சர்வர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டாம். முதலில் உண்மையான வேகத்தில் பாருங்கள், அப்புறம்தான் மெதுவாக ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டினால் சாதாரண உரசல்கூடத் திட்டமிட்ட தாக்குதல் போலத் தெரியும். நடுவருக்குக் கிடைத்தது ஒரு நொடிக்கும் குறைவு. அந்தப் போன் இருந்த கோணமும் ஒரே கோணம்தான்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். "இது பிளாக்கா சார்ஜா, சொல்லுங்க நண்பர்களே" என்று போட்டுவிட்டு மாநிலமே சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோவில் இருப்பது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அப்சர்வரும் அந்தக் குழுவில் இருப்பார்.

பேச்சு ஆட்டத்தை விட்டு ஆளின் மேல் போனால்

சில சமயம் விமர்சனம் விசிலை விட்டு நகர்ந்துவிடும். புதிதாக வரும் பெண் நடுவர்கள் இதை அதிகம் சந்திக்கிறார்கள்: "குரல் போதாதும்மா", "இந்த மேட்ச் உனக்கு எச்சு பாப்பா" என்று. குரலும் சைகையும் நடுவரின் வேலையில் சேர்ந்ததுதான், அதில் திருத்தம் சொன்னால் கேட்கலாம். மற்றதற்கு ஒரே வழி, பேச்சை மறுபடி ஆட்டத்துக்கு இழுப்பது. "சரிங்க சார். அந்த ரெண்டாவது குவார்ட்டர் போஸ்ட் ஃபவுல்ல நான் எங்க நின்னிருக்கணும்?" ஒரு தடவை, இரண்டு தடவை இழுங்கள். மூன்றாவது முறையும் ஆளின் மேலேயே வந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியிலும் ஒத்துப்போகவில்லை என்றால்

ஒத்துப்போகாமல் எழுந்திருக்கலாம். "இதுல எனக்கு இன்னும் தெளிவு வரலீங்க, பயிற்சி முகாம்ல கேட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு விடுங்கள். ஒரு மேட்சில் ஒரு விசிலுக்கு மேல் இப்படிச் சொல்லாதீர்கள். ஆறு விசிலில் ஆறும் தெளிவில்லை என்றால், தெளிய வேண்டியது நீங்கள்தான்.

அறிக்கைக்கு எழுத்தில் பதில் கேட்டால் மூன்று வரி போதும். எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், எந்த விதிப்படி ஊதினேன். "அப்சர்வர் அன்று தாமதமாக வந்தார்", "அவர் அந்த ஊர்க்காரர்" என்பதெல்லாம் நாலாவது வரி. எழுதாதீர்கள். பல போட்டிகளில் ஒரே ஆளிடம் ஒரே மாதிரி நியாயமற்ற மதிப்பீடு வருகிறது என்று உண்மையாகவே தோன்றினால், தேதியும் ஆட்டமும் விசிலும் குறித்த நோட்டோடு மாவட்டச் சங்கத்தில் நடுவர்களுக்குப் பொறுப்பானவரைத் தனியாகப் பாருங்கள். ஒரே மேட்சை வைத்துக்கொண்டு போனால் அது பொருமல், பத்து மேட்ச் நோட்டோடு போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

பஸ்ஸில் திட்டுவதை நிறுத்த முடியாது, அது உடம்பு கேட்கிறது. திருப்பூர் வருவதற்குள் திட்டி முடித்துவிட்டு, நோட்டை எடுத்து ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் "லீடில் முதலில் கால், அப்புறம் நெஞ்சு" என்று இருக்கிறது. அதையே மூன்று மாதம் பழகினேன். அதே அப்சர்வர் மறுபடி வந்தபோது, மேட்சுக்கு முன்னாலேயே போய், "போன தடவை அரை வட்டம் சொன்னீங்கள்ல சார், அதைப் பாத்துட்டே இருக்கறனுங்க" என்றேன். பெருமையாகத் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "எந்த மேட்ச்சுங்கண்ணு அது?" என்றார்.